கல்லான சுறாப் பற்கள்: ஒப்பிட்டுச் சோதித்து வாங்கிய பதிவு

புதைபடிவமான சுறாப் பல்லை விலை கொடுத்து வாங்க நினைப்பவர், மெகலோடான் என்னும் அழிந்துபோன பெருஞ்சுறாவின் உள்ளங்கை அகலப் பல்லில் தொடங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. எது மெய், எது போலி என்று ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்த சில துண்டுகளை முதலில் சேர்த்து, அவற்றையே அளவுகோலாக வைத்துக் கண்ணையும் கையையும் பழக்கிக்கொண்ட பிறகுதான் பெரிய பல்லின் பக்கம் போக வேண்டும். குளச்சலில் என் வீட்டு மேசையில் அப்படி ஓர் ஒப்பீட்டுத் தொகுப்பை அமைத்தேன். இன்றைய சுறாவின் பல் ஒன்று, ஐயமற்ற சிறு புதைபடிவப் பற்கள் சில, நானே வார்த்த ரெசின் போலி ஒன்று, ஒட்டுப்போட்ட பல் ஒன்று ஆகிய அனைத்தையும் ஒரே முறையில் சோதித்து, முடிவுகளைக் குறித்து வைத்தபின் பெரிய பல் ஒன்றை வாங்கினேன்.

சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது. அது அரிதாகவே கல்லாகிறது. பற்களின் நிலை வேறு. ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கிறது. ஒவ்வொரு பல்லின் மேற்பரப்பிலும் ஃபுளூரபடைட் என்னும் கனிமத்தாலான கடினமான எனாமல் போன்ற உறை இருக்கிறது. கடலடிச் சேற்றில் புதைந்த பல்லின் நுண்துளைகளில் நிலத்தடி நீர் கொண்டுவரும் கனிமங்கள் நிறைந்து, உள்ளிருந்த கரிமப் பொருள் சிதைந்து, பல் கனமாகிறது. புதைந்த மண்ணுக்கேற்ப நிறமும் மாறுகிறது. அமெரிக்காவின் தென் கரோலினா ஆறுகளில் கிடைப்பவை பெரும்பாலும் கறுப்பும் சாம்பலும். மொராக்கோவின் குரிப்கா பாஸ்பேட் சுரங்கப் பகுதியில் கிடைப்பவை வெளிர்மஞ்சள் அல்லது தேன் நிறம். எனவே நிறம் பல்லின் வயதைச் சொல்வதில்லை, அது கிடந்த மண்ணைச் சொல்கிறது. "கறுப்பாக இருந்தால் பழையது" என்ற எண்ணத்தை நம்பித்தான் சாயம் பூசுவோர் பிழைக்கிறார்கள்.

ஐரோப்பாவில் இந்தப் பற்களை நெடுங்காலம் 'நாக்குக் கற்கள்' என்று அழைத்து, நஞ்சை முறிக்கும் என்று நம்பி வைத்திருந்தனர். மால்டா தீவின் கற்களுக்கு இந்த வகையில் பெரும் பெயர் இருந்தது. இத்தாலியின் லிவோர்னோ கடலோரத்தில் பிடிபட்ட ஒரு பெருஞ்சுறாவின் தலையை அறுத்து ஆராய்ந்த டென்மார்க் உடற்கூற்றியலாளர் நிக்கோலஸ் ஸ்டெனோ, அந்தக் கற்கள் சுறாப் பற்களே என்று 1667இல் எழுதினார். நம் பக்கத்துக் கதையும் புதிதன்று. புதுச்சேரிப் பாறைகளில் கே, கன்லிஃப் என்ற இருவர் சேகரித்த மீன் எச்சங்களை, அவற்றில் இருந்த சுறாப் பற்கள் உட்பட, ஆங்கிலேயத் தொல்லுயிரியலாளர் பிலிப் எகெர்டன் 1845இல் விவரித்திருக்கிறார். ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பே அறிவியல் பதிவில் ஏறிவிட்ட பொருளை இன்றும் தமிழ்நாட்டில் மிகச் சிலரே தேடிப் பார்க்கிறோம் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

நம் கரையில் எது கிடைக்கும்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைப் பற்றிப் பேசினால் உடனே எழும் கேள்வி, "நம்ம கடற்கரையிலேயே கிடைக்காதா?" என்பதுதான். கிடைக்காது என்றே நான் சொல்வேன். அதற்குக் காரணம் நம் பாறை. முட்டம் குன்றுகளிலும் நாகர்கோவிலைச் சுற்றியுள்ள மலைகளிலும் காணப்படும் சார்னோகைட், கொண்டலைட் போன்ற பாறைகள் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. அந்த உருமாற்றம் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அப்போது கடலில் சுறாக்களே இல்லை. மணவாளக்குறிச்சி மணலின் கருமை இல்மனைட் என்னும் கனிமத்தாலும், செம்மை கார்னெட்டாலும் வருகிறது. அங்கே பொறுக்கிய கூரான கறுப்புத் துண்டுகளைப் பலர் என்னிடம் 'பல்' என்று கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். லென்ஸில் வைத்தால் பல்லுக்குரிய வேர், மகுடம் (வேருக்கு மேலே எனாமல் மூடிய கூரான பகுதி) என்ற பிரிவு எதுவும் தெரியாது. உடைந்த கல்லின் முகங்களே தெரியும்.

சுறாப் பல் தரும் படிவுப் பாறைக்கு நாம் மாவட்டத்தைத் தாண்ட வேண்டும். வடமேற்கே கொல்லம் அருகே அஷ்டமுடி ஏரிக்கரையில் படப்பக்கரையில் வெளித்தெரியும் மயோசீன் காலச் (சுமார் 2.3 கோடி முதல் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன்) சுண்ணாம்புப் படிவுகளில் கடலுயிர் எச்சங்கள் நிறைய உள்ளன. தமிழ்நாட்டுக்குள் என்றால் அரியலூர், பெரம்பலூர் பகுதியின் கிரெட்டேசியஸ் படிவுகள், அதாவது டைனோசர்கள் வாழ்ந்த காலத்தின் கடைசிப் பகுதியில் படிந்தவை. அவற்றில் காரை என்னும் ஊரின் பெயர்கொண்ட காரை களிமண் எனக்கு மிகவும் பிடித்தது. சுமார் 10 கோடி ஆண்டுப் பழமையான அந்தக் களிமண்ணிலிருந்து ஸ்குவாலிகோராக்ஸ், கிரெட்டலம்னா, தட்டையான நசுக்கும் பற்கள் கொண்ட டைக்கோடஸ் முதலிய சுறாக்களின் பற்களை ஆய்வாளர்கள் விவரித்துள்ளனர்.

காரை மண்ணைச் சலித்தது

புவியியல் ஆய்வுத்துறை பாதுகாக்கும் இடங்களிலிருந்தும், காரையின் அரித்தோடிய செம்மண், களிமண் மேடுகளிலிருந்தும் எதையும் எடுக்கக்கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். அந்தப் பகுதியில் விவசாயி ஒருவர் தம் நிலத்தில் கிணறு தோண்டிக் கரையில் குவித்திருந்த மண்ணிலிருந்து, அவர் இசைவுடன் இரண்டு சிமெண்டுச் சாக்கு மண் கொண்டுவந்தேன். போகும் வழியில் அரியலூருக்கு அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பார்த்தது பயனாக இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் உண்மைப் பொருள் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு மண்ணில் தேடுவது நல்லது.

சலிக்கும் முறை எளிமையானது, ஆனால் அவசரப்படக்கூடாது. களிமண்ணை முதலில் வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். ஈரக் களிமண்ணைத் தண்ணீரில் போட்டால் கட்டியாகவே கிடக்கும். உள்வரை முற்றும் காய்ந்த களிமண்ணைப் போட்டால் சில மணி நேரத்தில் தானே உடைந்து கூழாகும். கையால் பிசையக்கூடாது, ஏனென்றால் மூன்று மில்லிமீட்டர் பல்லின் பக்கக்கூர்கள் (நடுக்கூரின் இருபுறமும் உள்ள சிறு கூர்கள்) விரலழுத்தத்திலேயே முறிந்துவிடும். அந்தக் கூழை, கட்டுமானப் பொருள் சோதனைக்கூடங்களில் மணல் தரம் பார்க்கப் பயன்படுத்தும் அரை மில்லிமீட்டர் பித்தளைச் சல்லடையில் இட்டு, மெல்லிய நீர்த்தாரையில் அலசினேன். சல்லடையில் தங்கியதை நிழலில் உலர்த்தி, வெள்ளைத் தாளில் மெல்லப் பரப்பி, லென்ஸின் கீழ் ஈரத் தூரிகை முனையால் ஒவ்வொரு துகளாகப் பிரித்தேன். காரை மண்ணில் ஜிப்சம் படிகங்கள் மிகுதி. அவற்றின் பளபளப்பு தொடக்கத்தில் கண்ணை ஏமாற்றும். பல்லின் பளபளப்பு வேறு வகையானது. ஜிப்சம் ஒளியை ஊடுருவ விடும். எனாமல் உறை ஒளியை மேற்பரப்பிலேயே திருப்பி அனுப்பும், அதன் அடியில் வேர் மங்கலாக, துளைகளோடு இருக்கும். இந்த வேறுபாடு கண்ணில் பதிந்துவிட்டால் பிறகு தவறாது.

சாக்கு மண் முழுவதையும் கழுவியபின் எஞ்சியவை கைப்பிடியளவு துகள்களே. அவற்றில் பல் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை மிகச் சில. அவற்றுள் ரம்ப விளிம்பும் சாய்ந்த கூரும் கொண்ட ஒன்று ஸ்குவாலிகோராக்ஸை ஒத்திருந்தது; பக்கக்கூர்களுடன் வழவழப்பான விளிம்பு கொண்ட மற்றொன்று கிரெட்டலம்னாவை ஒத்திருந்தது. கல்லூரிப் புவியியல் துறையில் காட்டி, இடத்தின் விவரத்தையும் அவர்களிடம் எழுதிக்கொடுத்தேன். சந்தையில் இவற்றுக்கு மதிப்பு மிகக் குறைவு. என் தொகுப்பில் இவற்றுக்கே முதலிடம். எந்தக் கிணற்று மண், எந்தப் படிவு என்று முழுமையாகத் தெரிந்த பற்கள் இவைதாம்.

இன்றைய பல்

புதைபடிவத்தை அறிய, புதைபடிவமாகாத பல்லையும் அறிய வேண்டும். இதற்கு நம் மாவட்டத்தைவிட நல்ல இடம் இல்லை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறை வட்டாரத்து மீனவர்கள் ஆழ்கடல் சுறாத் தொழிலில் நாடறிந்தவர்கள். அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தம் வீட்டில் பல ஆண்டுகளாகக் காய்ந்து கிடந்த புலிச்சுறாத் தாடையிலிருந்து உதிர்ந்த பல்லை எனக்குத் தந்தார். திமிங்கலச்சுறா, வேளா (ரம்பம் போன்ற மூக்குள்ள மீன்), புதுச்சேரிச் சுறா முதலிய இனங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் உயரிய பட்டியலில் உள்ளன. பட்டியல் பின்னர் விரிவடைந்தும் இருக்கிறது. ஆகவே இன்றைய பல்லை யாரிடமும் விலைக்கு வாங்குவதற்கு நான் ஊக்கம் தரமாட்டேன். ஒப்பீட்டுக்கு ஒரு பல் போதும். எந்த இனம் என்று உறுதியாகத் தெரிந்த பல்லாக அது இருக்க வேண்டும்.

அதே பெரியவரிடம் இன்னொன்றையும் காட்டினேன். கன்னியாகுமரியில் கடல்பொருள் விற்கும் கடை ஒன்றில் 'பத்து லட்சம் வருடப் பழமை' என்று சொல்லி விற்கப்பட்ட பதக்கம் அது, சோதனைக்காகவே வாங்கியிருந்தேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர், "மக்களே, இது நம்ம கடல்ல உள்ள பல்லு. பழசு ஒண்ணும் இல்ல. வேரப் பாரு, இன்னும் எலும்பாட்டம் தான் இருக்கு" என்றார். அவர் சொன்னதை மேசைக்குக் கொண்டுவந்து சோதித்தபோது ஒவ்வொரு முடிவும் அவர் பக்கமே நின்றது. அந்த விவரம் கீழே வருகிறது.

போலியைச் செய்து பார்த்தது

போலி எப்படித் தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்பதை அறிய, அதைச் செய்து பார்ப்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. மொராக்கோவிலிருந்து வந்த, நடுத்தர அளவுள்ள ஓட்டோடஸ் ஒப்ளிகஸ் என்னும் அழிந்த சுறாவின் பல்லைச் சிலிக்கான் ரப்பரில் இரு பாதியாக அச்செடுத்து, கல்தூள் கலந்த பாலியஸ்டர் ரெசினை ஊற்றினேன். உறைந்தபின் தேயிலைச் சாறும் கறுப்பு அக்ரிலிக் சாயமும் பூசினேன். ஓர் அடி தூரத்தில் அது அசலாகவே தோன்றியது, லென்ஸில் தோற்றது. அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பின்னும், பல்லின் ஓரம் முழுவதும் ஒரு மெல்லிய தழும்பு ஓடியது. வேரின் நுண்துளைகள் அசலில் ஆழமானவை, ஒழுங்கற்றவை; வார்ப்பில் அவை ஆழமிழந்து மழுங்கிய குழிகளாயின. ரெசினுக்குள் சிக்கிய காற்று, முழு வட்டமான சிறு குழிகளை விட்டிருந்தது. இயற்கையான அரிப்புக் குழி அப்படிப் பிசிறில்லாத வட்டமாக இருப்பது அரிது.

அடுத்து, முனை முறிந்த அசல் பல் ஒன்றுக்கு எம்-சீல் வைத்து முனை கட்டி, சாயமிட்டேன். இதுவே சந்தையில் அதிகம் நடமாடும் வகை என்பதால் இதில் கூடுதல் நேரம் செலவிட்டேன். முழுப் போலியை ஒருவர் எளிதில் ஒதுக்கிவிடலாம். முக்கால் பங்கு அசலான பல் எல்லாச் சோதனையிலும் முக்கால் பங்கு தேறிவிடும். அதனால் அதைப் பகுதி பகுதியாகச் சோதிக்க வேண்டும். இரண்டு துண்டுகளின் பின்புறமும் 'போலி' என்று ஊசியால் ஆழக் கீறி வைத்திருக்கிறேன். என் காலத்துக்குப் பிறகு யார் கைக்குப் போனாலும் அவை விற்பனைக்கு வந்துவிடக்கூடாது.

சோதனைகள், செய்த வரிசையில்

முதலில் லென்ஸ். நகைக்கடைகளில் வைரம் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸே போதுமானது. மகுடத்தின் எனாமலில் நெடுக்காக ஓடும் மெல்லிய வெடிப்புகள் பழைய பற்களில் இயல்பாக இருக்கும். அவை ஓரிடத்தில் திடீரென நின்றுபோனால், நின்ற இடத்துக்கு அப்பால் இருப்பது நிரப்பியது என்று சந்தேகிக்கலாம். ரம்ப விளிம்புள்ள பல்லில் ஒவ்வொரு பற்குறியும் கூர்மையாகவோ, தேய்ந்திருந்தால் சீராகத் தேய்ந்தோ இருக்க வேண்டும். ஒரு பகுதியில் மட்டும் புத்தம்புதிதாகவும் இடைவெளி மாறியும் இருந்தால், அரம் கொண்டு யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது அடர்த்தி. இதற்கு நகைத்தராசு ஒன்றும் கண்ணாடித் தம்ளர் ஒன்றும் நூலும் போதும். உலர்ந்த பல்லின் எடையைக் குறித்துக்கொண்டு, பிறகு அதைத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட வேண்டும். வேரின் துளைகளில் உள்ள காற்று வெளியேறாவிட்டால் கணக்கு பொய்க்கும். தண்ணீர் நிரம்பிய தம்ளரைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, பல்லை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் நீரில் மூழ்கும்படி தொங்கவிட்டால், தராசு காட்டும் கிராம்தான் பல் ஒதுக்கிய நீரின் எடை. கன சென்டிமீட்டரில் பல்லின் பருமனும் ஏறத்தாழ அதுவே. உலர் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். மொராக்கோ பல் 11.62 கிராம், ஒதுக்கிய நீர் 4.21 கிராம், அடர்த்தி 2.76. அதன் வார்ப்பு 7.35 கிராம், ஒதுக்கிய நீர் 4.26 கிராம், அடர்த்தி 1.73 மட்டுமே. புலிச்சுறாப் பல்லும் கடைப் பதக்கமும் இரண்டுக்கு மேலே சற்றுத் தள்ளி, ஒன்றுக்கொன்று மிக அருகே நின்றன. தூய ஃபுளூரபடைட்டின் அடர்த்தி 3.1 முதல் 3.2 வரை என்பதை நினைவில் கொண்டால், கனிமமேறிய பல் ஏன் உயர்ந்து நிற்கிறது என்பது விளங்கும். எம்-சீல் முனை வைத்த பல்லை இந்தச் சோதனை பிடிக்கவில்லை. சிறிய ஒட்டுக்கு மொத்த அடர்த்தி பெரிதாக மாறாது. ஆகவே அடர்த்தி என்பது முழுப் போலியையும் புதிய பல்லையும் விலக்கும் முதல் வாசல் மட்டுமே.

மூன்றாவது புற ஊதா ஒளி. 365 நானோமீட்டர் டார்ச்சை இருட்டறையில் அடித்தால் எம்-சீல் முனை உடனே தனித்துத் தெரிந்தது. பகலில் தடவிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத எல்லைக்கோடு, இருட்டில் வரைந்து வைத்ததுபோல் துலங்கியது. புலிச்சுறாப் பல் முழுவதும் வெளிர்நீலமாக ஒளிர்ந்தது. கடைப் பதக்கத்தில் சாயம் உதிர்ந்திருந்த சிறு சிதைவிலும் அதே வெளிர்நீலம். புதைபடிவப் பற்கள் எல்லாம் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை, எனவே பல் ஒளிர்கிறதா என்று பார்ப்பதைவிட, ஒரே பல்லில் ஒளி எங்கே திடீரென மாறுகிறது என்று பார்ப்பதே சரியான முறை. டார்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடிக்கக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. சிறுவர்கள் உடனிருந்தால் சொல்லத்தான் வேண்டும்.

நான்காவது அசிட்டோன். பஞ்சுக்குச்சியில் நனைத்து வேரின் மறைவான ஓரத்தில் மெல்ல ஒற்றினால், சாயம் பூசியிருந்தால் பஞ்சில் ஏறும். பதக்கத்தில் பஞ்சு பழுப்பானது. உள்ளே வெளுத்த எலும்பு நிறம். பெரியவர் வேரை வைத்துச் சொன்னது அப்படியே நிரூபணமானது. ஆனால் இந்தச் சோதனையை விளங்கிக்கொண்டு செய்ய வேண்டும். நொறுங்கும் பல்லைக் காப்பதற்காக அருங்காட்சியகங்களே பாராலாய்ட் பி-72 என்னும் பிசினை அசிட்டோனில் கரைத்துப் பூசுவதுண்டு. அதுவும் அசிட்டோன் பட்டால் இளகும். இளகியது என்பதற்காகப் பல்லைப் போலி என்று சொல்லிவிடக்கூடாது. பூச்சு என்ன என்று விற்றவரைக் கேட்க வேண்டும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும், அதனால் அடுப்பிலிருந்து விலகி, சன்னல் திறந்த அறையில் மட்டுமே செய்ய வேண்டும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கும் வழக்கமும் சிலரிடம் உண்டு. ரெசின் உருகும், புதிய பல் கருகி நாறும் என்பது உண்மைதான். ஆனால் அது அழியாத தழும்பை விடும். மேலே சொன்ன நான்கும் இருக்கையில் ஊசிக்கு இடமில்லை.

வாங்கியது

மொராக்கோவின் சிறு பற்களைப் பற்றிப் பெரிய அச்சம் தேவையில்லை. குரிப்கா பாஸ்பேட் சுரங்கங்களிலிருந்து அவை ஏராளமாக வெளிவருகின்றன. விலை மலிவானதைப் போலியாகச் செய்தால் கூலிகூடத் தேறாது. ஆனால் அதே பாஸ்பேட் மண்ணில் பல் பதிந்திருப்பதாக விற்கப்படும் பாளங்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பசையில் மணலைக் குழைத்துப் பாளம் செய்து, அதில் அசல் பல்லை நட்டு, மோசசார் (அழிந்துபோன கடல் ஊர்வன) தாடை என்றும் சுறாத் தாடை என்றும் விற்பது அங்கு நீண்டகால வழக்கம். ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்த்தால், இயற்கையான மண் அதை உறிஞ்சும்; பசை ஏறிய பாளத்தின் மேல் நீர் முத்தாக நிற்கும். பல்லின் வேரைச் சுற்றியுள்ள மண்ணும் தூரத்து மண்ணும் ஒரே துகள் அளவில் இருக்கின்றனவா என்றும் லென்ஸில் பார்க்க வேண்டும்.

மெகலோடானுக்கு வரும்போது பணம் பெரிதாகிறது, ஆகவே தந்திரமும் பெரிதாகிறது. ஓட்டோடஸ் மெகலோடான் சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கும் 36 லட்சம் ஆண்டுகளுக்கும் இடையே வாழ்ந்தது. மிகப் பெரிய பற்கள் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் வரை உள்ளன. அளவைச் சொல்லும் முறையிலேயே ஏமாறலாம்: முனையிலிருந்து வேரின் நீண்ட மூலை வரை சாய்வாக அளப்பதே வழக்கம், நிமிர்ந்த உயரம் அதைவிடக் குறையும். அளவு ஓர் அங்குலம் கூடினால் விலை பல மடங்காகும் என்பதால், வேரின் மூலையில் சிறிது புட்டியைக் கட்டி அங்குலத்தை எட்டச் செய்வது நடக்கிறது. அதனால் வேரின் இரு மூலைகளையும் தனித்தனியாகப் படம் கேட்டு வாங்க வேண்டும்.

இனத்தைச் சரிபார்க்க மூன்று இடங்களைப் பார்ப்பேன். மகுடத்துக்கும் வேருக்கும் இடையே, நாக்கை நோக்கியிருக்கும் பல்லின் உட்புறத்தில், கறுத்த கோணவடிவப் பட்டை ஒன்று இருக்க வேண்டும். பெருவெள்ளைச் சுறாவின் பல்லில் அந்தப் பட்டை இராது. ரம்பம் நுண்மையாகவும் சீராகவும் இருக்க வேண்டும். பெருவெள்ளைச் சுறாவில் அது பருமன். பக்கக்கூர்கள் இருந்தால் அது மெகலோடானின் முன்னோர் வரிசையைச் சேர்ந்ததாக இருக்கலாம். வழவழப்பான விளிம்பும் பக்கக்கூர்களும் கொண்ட ஒப்ளிகஸில் தொடங்கி, ரம்பம் ஏறிய ஆரிகுலேட்டஸ், அங்குஸ்டிடென்ஸ், சுபுடென்சிஸ் வழியாக, பக்கக்கூர்கள் முற்றும் மறைந்த மெகலோடான் வரை செல்லும் அந்த வரிசையைக் காட்டும் பற்களைச் சேர்ப்பதில் எனக்குப் பெரும் ஆசை உண்டு; ஒரே பெரிய பல்லைவிட அந்த வரிசை நமக்கு அதிகம் கற்றுத்தரும்.

விற்பவரின் சொற்களை நுணுக்கமாகப் பிரித்தறிய வேண்டும். 'பழுதுபார்த்தது' என்றால் உடைந்த அதே பல்லின் துண்டுகளை ஒட்டியது. 'மீட்டமைத்தது' என்றால் இல்லாத பகுதியைச் செயற்கையாகக் கட்டியது. 'கூட்டியது' என்றால் ஒன்றின் மகுடமும் வேறொன்றின் வேரும். வெளிப்படையாகச் சொல்லி அதற்கேற்ற விலை கேட்டால் மூன்றிலும் குற்றமில்லை. நான் விசாரித்தவர்களில் ஒருவர், புற ஊதா ஒளியில் இருபுறமும் படமெடுத்து அனுப்பும்படி கேட்டதற்குப் பதிலே தரவில்லை. இன்னொருவர் படம் அனுப்பியதோடு, தென் கரோலினாவில் எந்த ஆற்றில் மூழ்கி எடுக்கப்பட்டது, அதற்கான உரிமம் உண்டா என்பதையும் எழுதினார். முனையில் சிறு சிதைவுள்ள, எதுவும் நிரப்பப்படாத பல்லை அவரிடமே வாங்கினேன். பெரு, சிலி நாடுகளிலிருந்து புதைபடிவங்களை ஏற்றுமதி செய்யத் தடை உள்ளது. அங்கிருந்து வந்த நிறம் மயக்கும் பற்கள் சந்தையில் இருந்தாலும் அவற்றை நான் தொடுவதில்லை. களவாகக் கிளம்பிய பல்லுக்கு, எங்கே கிடைத்தது என்று சொல்லும் உண்மையான ஊர்ச்சீட்டு எழுத முடியாது. ஊர்ச்சீட்டு இல்லாத பல் அழகுப் பொருளாக நிற்கலாம், சான்றாக நிற்காது.

பொதி வரும்போது சுங்கத்தில் சிக்கல் வராதிருக்க, தொல்லுயிரியல் சார்ந்த சேகரிப்புப் பொருள்களும் அடங்கும் 9705 என்ற சுங்கத் தலைப்பு எண்ணை விலைச்சீட்டில் குறிப்பிடும்படி முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். வெறுமனே 'சுறாப் பல்' என்று எழுதினால் இன்றைய வனவிலங்குப் பொருளாகக் கருதப்படும் வாய்ப்பு உண்டு. 'புதைபடிவம், அழிந்த இனம், மயோசீன் முதல் பிளியோசீன் வரை' என்று தெளிவாக எழுதச் சொன்னேன். விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்குப் படமும் விலைச்சீட்டும் அனுப்பியதும் விடுவித்தார்கள். வந்த பல் நான்கு சோதனைகளையும் கடந்தது.

பேணுதல்

கடலடியிலிருந்து எடுத்த பல்லை வாங்கினால் முதலில் உப்பை நீக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, நீரைப் பலமுறை மாற்றி, பின் நிழலில் மெல்ல உலர்த்த வேண்டும். உப்புடன் உலர்ந்தால் துளைகளுக்குள் உப்புப் படிகம் வளர்ந்து வேரைப் பிளக்கும். எலுமிச்சைச் சாறு, புளி, வினிகர் எதையும் பூசக்கூடாது, ஏனெனில் பித்தளை துலக்கும் அந்த அமிலம் பாஸ்பேட்டையும் கரைக்கும். உடைந்தால் ஃபெவிக்விக் வைக்காமல் பாராலாய்டால் ஒட்டினால், பின்னாளில் வேறொருவர் பிரித்துச் சரிசெய்ய முடியும்.

ஒவ்வொரு பல்லின் வேரிலும், பாராலாய்ட் பூசிய சிறு இடத்தில் எண் எழுதி, அந்த எண்ணுக்குரிய அட்டையில் இடம், படிவு, காலம், யாரிடமிருந்து எப்போது வந்தது, நான்கு சோதனைகளின் முடிவு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுகிறேன். நம் கடற்காற்றில் மைப்பேனா எழுத்து ஊறிப் பரவிவிடுகிறது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு என்பதால், பெட்டிக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை ஜூன் தொடக்கத்திலும் அக்டோபர் தொடக்கத்திலும் வெயிலில் காயவைத்து மாற்றுகிறேன். இரும்பு ஆணியோ குண்டூசியோ பெட்டிக்குள் வைப்பதில்லை, துருக்கறை வேரில் ஏறினால் நீங்காது.